அறியாப் பழமும் ஆப்தர் மொழியும்

உண்ணத்தக்கது எது, உண்ணத்தகாதது எது என்னும் வினாவை அறநூல்கள் பெரும்பாலும் தூய்மை, கொல்லாமை, புலனடக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே ஆராய்கின்றன; ஆயினும் அவ்வினாவுக்கு முன்பாகவே விடைகாணவேண்டிய வேறொரு வினா உண்டு. ஒரு பொருள் தீங்கற்றது என்பதை, அதை வாயில் இடுவதற்கு முன்னரே மனிதன் எந்த வழியால் அறிகிறான் என்பதே அது. உண்டு பார்த்து அறிவது ஒருவனுக்கு ஒரு முறை மட்டுமே வாய்க்கக்கூடிய சோதனையாக முடியலாம் என்பதால், இந்த இடத்தில் அறிவு செயலுக்கு முந்தியாகவேண்டும். அதே வேளையில், செயலைத் தவிர வேறெதுவும் அந்த அறிவை முழுமையாக உறுதிப்படுத்துவதாகவும் தெரியவில்லை. இந்திய மெய்யியல் மரபுகள் 'அளவை' என்றும் 'பிரமாணம்' என்றும் வழங்கும் அறிவுவழிகளைப் பற்றிய விவாதம் முழுவதையும் இந்த ஒரு சிக்கலைக் கொண்டே சோதித்துவிடலாம். அதற்குத் தமிழர் வீட்டுக் கொல்லையிலேயே பொருத்தமான ஒரு செடி முளைத்துக் கிடக்கிறது.

மணத்தக்காளி என்றும், மிளகுதக்காளி என்றும், கொங்குப் பகுதியில் சுக்குட்டிக்கீரை என்றும், வடமொழி மருத்துவ நூல்களில் காகமாசி என்றும் வழங்கும் இச்செடி, கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை, ஊமத்தை ஆகியவை அடங்கிய சொலனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் கீரையும் பழமும் தமிழ்நாட்டில் அன்றாட உணவு. வத்தலோ மளிகைக்கடைச் சரக்கு. ஐரோப்பியரின் தாவர நூல்கள் பலவற்றிலோ இதற்கு மிக நெருங்கிய உறவுச்செடி நச்சுத் தாவரப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு கூற்றுகளும் பொறுப்புள்ளவர்களால் சொல்லப்பட்டவை. இரண்டையும் நம்பிப் பல தலைமுறையினர் வாழ்ந்திருக்கின்றனர். ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாகவேண்டும் என்று முதற்பார்வையில் தோன்றுகிறது. இத்தகைய இடத்தில் பாற்கடலில் அமுதும் ஆலமும் ஒருங்கே பிறந்த கதையைச் சொல்லி நகர்ந்துவிடுவது எழுதுவோருக்கு எளிது. ஆனால் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமைக்கலாமா கூடாதா என்று நிற்பவருக்கு அக்கதையால் ஒரு பயனும் இல்லை.

முதலில் பொருளின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1753-இல் லின்னேயஸ் சொலானம் நைக்ரம் என்னும் ஒரே பெயரின்கீழ், கருநிறப் பழமும் செந்நிறப் பழமும் தருகின்ற பலவகைச் செடிகளை வகைகளாக அடக்கினார். 1768-இல் பிலிப் மில்லர் அவற்றுள் சிலவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தார். இன்று உயிரணுவில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கையே அவற்றின் வேறுபாட்டைக் காட்டுகிறது: ஐரோப்பாவில் பரவலாக உள்ள சொலானம் நைக்ரத்திற்கு 72, ஆரஞ்சு நிறப் பழமுடைய சொலானம் வில்லோசத்திற்கு 48, வெப்பநாடுகளில் மிகுதியாக வளரும் சொலானம் அமெரிக்கானத்திற்கு 24. தமிழ்நாட்டில் மணத்தக்காளி என்று பறிக்கப்படுவது பெரும்பாலும் இவற்றுள் கடைசியாகச் சொன்னதாக இருக்க, நூல்கள் பல அதனையும் நைக்ரம் என்றே இன்றும் எழுதிவருகின்றன. இக்கூட்டத்துச் செடிகளில் சொலனைன் போன்ற கிளைக்கோ ஆல்கலாய்டுகள், அதாவது சர்க்கரைக் கூறோடு பிணைந்த நச்சுக் காரப்பொருள்கள், பச்சைக் காயில் மிகுந்தும் பழுக்கப் பழுக்கக் குறைந்தும் காணப்படுகின்றன. அவற்றின் அளவு இனத்துக்கு இனம் மட்டுமன்றி, மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பவும் மாறக்கூடியது. அளவு மீறினால் வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி, மயக்கம் ஆகியவை உண்டாகும். கொதிக்கவைப்பதால் இவை அழிந்துவிடுவதில்லை என்பதும், ஓரளவு நீரில் இறங்கும் என்பதும் இங்கே நினைவிற்கொள்ளத்தக்கவை.

உலகாயதர் காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்டவர்கள். புலன்களுக்கு நேரே எட்டாததை அறிவென்று அவர்கள் ஏற்பதில்லை. மணிமேகலையின் இருபத்தேழாவது காதையில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்டுவரும் மணிமேகலை, கடைசியாகக் காட்சியை மட்டும் ஏற்கும் பூதவாதியைச் சந்தித்து, தன் தாய்தந்தையர் இன்னார் என்பதைக்கூட அனுமானத்தாலன்றி அவன் எங்ஙனம் அறிவான் என்று நகைக்கிறாள். அந்த நகைப்பு உணவுக்கும் பொருந்தும். பூதவாதியின் வழியே செல்பவனுக்கு நாவே நீதிபதி. ஆனால் நா இவ்வழக்கில் நம்பத்தகாத சாட்சி. கிளைக்கோ ஆல்கலாய்டுகள் கசப்பவை என்பதால் கசப்பு ஓர் எச்சரிக்கையே என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் பாகற்காயையும் சுண்டைக்காயையும் விரும்பி உண்ணுமாறு பழக்கப்பட்ட நாக்கு அந்த எச்சரிக்கையை எங்கே கேட்கப்போகிறது? மறுபுறம், ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் காடுகளில் வளரும் அட்ரோபா பெல்லடோனாவின் கரும்பழம், அட்ரோபின் முதலான கொடிய நஞ்சுகளைத் தன்னுள் கொண்டிருந்தும் இனிக்கவே செய்கிறது. அதே சொலனேசியே குடும்பத்தில் உண்மையாகவே கொல்லவல்ல அந்தப் பழத்தை நாவின் தீர்ப்புக்கு விட்டால், அது குற்றமற்றதென்று விடுதலை பெற்றுவிடும்.

காட்சி தவறிய இடத்தில் கருதலளவை, அதாவது அனுமானம், கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பறவை தின்கிறது, ஆகவே மனிதன் தின்னலாம் என்பது நாட்டுப்புறங்களில் அடிக்கடி கேட்கப்படும் அனுமானம். பெல்லடோனாப் பழத்தைப் பறவைகளும் தின்கின்றன, முயல்களுள் சில அட்ரோபினைச் சிதைக்கும் நொதியை உடம்பிலேயே கொண்டுள்ளன என்பவற்றை எதிரே வைத்தால் அது சரிந்துவிடுகிறது. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் இதுவும் நஞ்சு என்பது கற்றவர் செய்யும் அனுமானம். இதில் ஏதுவாகக் காட்டப்பட்ட குடும்ப உறவு நஞ்சுள்ள ஊமத்தையிலும் நஞ்சற்ற தக்காளிப் பழத்திலும் ஒருங்கே காணப்படுவதால், தருக்க நூலார் அநைகாந்திகம் என்று பெயரிட்ட குற்றம், அதாவது ஏது இரு பக்கமும் சாய்ந்து எதையும் நிறுவாமற்போகும் குற்றம், அதற்கு நேர்கிறது. பயிரிட்டுப் பழக்கப்பட்டது தீங்கற்றது என்னும் எதிர் அனுமானமும் நிலைப்பதில்லை. அமெரிக்காவில் வறுவலுக்கென்றே உருவாக்கி 1967-இல் வெளியிடப்பட்ட லெனாப்பே என்னும் உருளைக்கிழங்கு வகை, காட்டு இனமொன்றின் வழி வந்த கிளைக்கோ ஆல்கலாய்டு மிகுந்திருப்பது தெரியவந்ததால் 1970-இல் திரும்பப் பெறப்பட்டது. அது வளர்ந்தது காட்டில் அன்று, ஆராய்ச்சி வயலில்.

நியாய மரபு இதற்கு அடுத்துக் கூறும் ஒப்பு என்னும் அளவை, பிற மரபினர் பலராலும் தனி அளவையாக மதிக்கப்படாதது. அருணந்தி சிவாசாரியாரும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரில் அளவைகள் பத்து வரை எண்ணப்படுவதைக் குறித்து, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றே முடிவு செய்தார். ஆனால் செடி பறிப்பவரின் நிலையிலிருந்து நோக்கினால் ஒப்பளவைக்கு உரிய மதிப்பு விளங்கும். காட்டுப்பசு நாட்டுப்பசுவைப் போன்றது என்று வனத்தில் வாழ்பவர் சொல்லக் கேட்ட நகரத்தான், பின்பு காட்டில் அவ்விலங்கைக் கண்டு 'அந்தப் பெயருக்குரியது இதுவே' என்று அறிவதே இவ்வளவைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம். நியாய சூத்திரத்துக்கு உரைகண்ட வாத்சியாயனர் அத்துடன் நில்லாமல், பாசிப்பயற்றைப் போன்றது முத்கபர்ணி, உளுந்தைப் போன்றது மாஷபர்ணி என்று கேட்டறிந்தவன் அந்த ஒப்புமையைக் கொண்டு மருந்துக்காக அம்மூலிகைகளைப் பறித்துவருகிறான் என்பதையும் சேர்த்தார். அறிவைப் பற்றிய மிக நுண்ணிய நூலொன்று தன் கோட்பாட்டை விளக்க மூலிகை பறிப்பவனைத் தேர்ந்துகொண்டது தற்செயல் அன்று. பெயரும் பொருளும் பிழையின்றிச் சேர்ந்தாகவேண்டும் என்னும் கட்டாயம் அவனுக்கு இருந்த அளவு வேறு எவருக்கும் இருந்திருக்காது.

அந்த முறையிலேயே மணத்தக்காளியையும் சொல்லிக் காட்டலாம். மிளகாய்ச் செடியைப் போன்ற உருவமும் முழங்காலளவு உயரமும் உடையது, முள் இல்லை, பூ கத்தரிப்பூவை மிகச் சிறிதாக்கி வெண்மையாக்கியது போன்று ஐந்து இதழும் நடுவே மஞ்சள் மகரந்தக் கூம்பும் கொண்டது, பழங்கள் மிளகைவிடச் சற்றே பெரியவையாய், ஒரு காம்பின் நுனியிலிருந்து நாலைந்து சேர்ந்து கொத்தாகத் தொங்கும், பழத்தின் அடியில் உள்ள புல்லிவட்டம் பழத்தைவிடச் சிறியது. பெல்லடோனாவிலோ பழம் கொத்தாக அன்றி ஒவ்வொன்றாக நிற்கும். அதன் அடியில் பெரிய புல்லிதழ்கள் விண்மீன் போல விரிந்து பழத்துக்கு வெளியே நீண்டிருக்கும். பூ மணிவடிவில் மங்கிய ஊதா நிறமாக இருக்கும். அதன் இந்திய உறவினம் காஷ்மீர இமயப் பகுதிக்குரியதாகையால் தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. இங்கே கவனிக்கவேண்டியது ஊமத்தை. பூவும் முட்காயும் தோன்றிய பிறகு ஊமத்தையை மணத்தக்காளி என்று எவரும் மயங்கமாட்டார். ஆனால் நான்கைந்து இலை மட்டும் விட்ட இளஞ்செடிகள் ஒரே பாத்தியில் கலந்து முளைக்கும்போது இரண்டின் இலையும் கண்ணை ஏமாற்றக்கூடியவை. ஆகவே பூவோ காயோ காணாத செடியைக் கொல்லைக்கு வெளியே பறிப்பதில்லை என்னும் கட்டுப்பாடு, ஒப்பளவை தன் எல்லையைத் தானே அறிந்து வகுத்துக்கொண்ட விதியாகும்.

இவ்வளவையும் ஒருவர் கற்றுத் தேர்ந்தாலும், 'இதன் பெயர் மணத்தக்காளி' என்பதே அவருக்குத் தெரியவருமன்றி, 'இதை உண்ணலாம்' என்பது தெரியவராது. அந்த இரண்டாவது அறிவு எப்போதும் பிறர் சொல்லாகவே வருகிறது. நியாய சூத்திரத்தை இயற்றிய கௌதமர் உரையளவையை ஆப்தரின் உபதேசம் என்று வரையறுத்தார். ஆப்தர் என்பவர் பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தவேண்டும் என்னும் விருப்பத்தோடு பேசுபவர் என்று வாத்சியாயனர் விளக்கி, இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் கூறினார். அவர் வாழ்ந்த சமூகத்தின் படிநிலைகளை எண்ணிப் பார்த்தால் இது வியப்பூட்டும் கூற்று. நம்பகத்தன்மை குலத்தாலும் கல்வியாலும் வருவதன்று, பொருளோடு உள்ள தொடர்பாலும் சொல்லின் நேர்மையாலும் வருவது என்பதே இதன் கருத்தாகிறது. தெருவில் கூடை சுமந்துவந்து, கட்டைப் பிரித்து, முற்றிய தண்டை விலக்கிக் கொழுந்தை மட்டும் அளந்து தரும் கீரைக்காரம்மாள் இவ்விலக்கணத்தின்படி முழுமையான ஆப்தர். நூலகத்தில் அமர்ந்து நைக்ரம் என்னும் பெயரை ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்த்தெழுதுபவர் எவ்வளவு கற்றவராயினும் இவ்வொரு பொருளில் ஆப்தர் அல்லர்.

இதைவிட வியப்பானது அதே சூத்திர நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. வேதத்தின் நம்பகத்தன்மையை நிறுவவேண்டிய இடத்தில், மந்திரமும் ஆயுர்வேதமும் நம்பத்தக்கவையாக இருப்பதைப் போலவே, ஆப்தரின் நம்பகத்தன்மையால் வேதமும் நம்பத்தக்கது என்று கௌதமர் வாதிடுகிறார். சமய உண்மையிலிருந்து மருத்துவ உண்மை பெறப்படுவதாகவே பலரும் எண்ணியிருக்க, இங்கே வாதம் தலைகீழாகச் செல்கிறது: இந்தச் செடி இந்த நோயைத் தணிக்கும் என்று சொன்னவர் சொன்னபடியே நிகழ்ந்ததை உலகம் கண்டிருப்பதால், அத்தகையவர் கண்ணுக்கு எட்டாத பொருளைப் பற்றிச் சொன்னதும் ஏற்கத்தக்கது என்கிறது நியாயம். இலையையும் வேரையும் பற்றிய சொல்லே மறைநூலின் சொல்லுக்குப் பிணை நிற்கிறது. இவ்வாதத்தின் இரண்டாம் பகுதியை, அதாவது காணக்கூடியதில் நம்பத்தக்கவர் காணமுடியாததிலும் நம்பத்தக்கவரே என்பதை, ஏற்பதா மறுப்பதா என்பது அவரவர் சமயநிலையைப் பொறுத்தது. பௌத்த அளவைநூலார் காட்சி, கருதல் என்னும் இரண்டை மட்டும் ஏற்று, ஆப்தர் சொல்லையும் கருதலுக்குள் அடக்கிவிட்டனர். ஆனால் முதற்பகுதி மறுக்கமுடியாதது: நம்பிக்கை என்று சொல்லப்படுவதன் மிகப் பழைய, மிக உறுதியான வடிவம் தாய் ஊட்டிய கவளத்தில் இருக்கிறது.

இனி, ஆப்தர் இருவர் முரண்படும்போது என்ன செய்வது என்னும் கடினமான இடம் வருகிறது. 1909-இல் அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் உருவாக்கியதாகச் சொல்லி, விதை வணிகர் ஜான் லூயிஸ் சைல்ட்ஸ் 'வொண்டர்பெர்ரி' என்னும் பெயரில் ஒரு கரும்பழச் செடியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 'ரூரல் நியூ யார்க்கர்' என்னும் வேளாண் இதழ் அது வெறும் நச்சுக் களையே என்று எழுதியது. அதை மெய்ப்பிப்பவருக்கு 10,000 டாலர் தருவதாகப் பர்பாங்க் அறிவித்தார். இரு தரப்பும் ஒரே செடியை முன்வைத்தே வாதிட்டன. உணவா நஞ்சா என்று கேட்டவர்கள், எது, எங்கே விளைந்தது, எந்த நிலையில், எவ்வாறு ஆக்கப்பட்டது என்று கேட்கவில்லை. இன்று அச்செடி ஆப்பிரிக்காவுக்குரிய சொலானம் ரெட்ரோபிளெக்சம் என்னும் இனத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. தென்னாப்பிரிக்கர் அதன் பழுத்த பழத்தில் ஜாம் காய்ச்சுகின்றனர்.

கேட்காமல்விட்ட அந்த வினாக்களைச் சமணத் தருக்கம் நெடுங்காலத்துக்கு முன்பே முறைப்படுத்தியிருந்தது. ஒரு பொருளைப் பற்றி 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ சொல்லும் எக்கூற்றும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கை, அதாவது பொருள், இடம், காலம், நிலை என்பவற்றைச் சார்ந்தே மெய்யாகிறது என்பதும், இவை மாறினால் அதற்கு எதிரான கூற்றும் முரணின்றி மெய்யாகலாம் என்பதும் அநேகாந்தவாதத்தின் நிலைப்பாடு. இதனை எல்லாம் சரியே என்று தலையசைக்கும் தாராளக் கொள்கையாகச் சிலர் திரித்துவிட்டனர். உண்மையில் இது மிகக் கண்டிப்பான கோட்பாடு. நான்கையும் குறிப்பிடாமல் பேசுபவர் எதையும் சொல்லிவிட்டதாகவே அது கொள்வதில்லை. மணத்தக்காளி உண்ணத்தக்கது என்னும் தமிழர் கூற்று இன்ன செடி, இன்ன நாட்டில், கருத்துப் பழுத்தபின் அல்லது கொழுந்தாக இருக்கையில், சமைத்த நிலையில் என்னும் நான்கு கொக்கிகளில் தொங்குகிறது. ஐரோப்பாவின் காட்டோரத்தில் சிறுவர் பச்சைக்காயைப் பறித்துத் தின்றால் நோயுறுவர் என்னும் ஐரோப்பியர் கூற்று வேறு நான்கில் தொங்குகிறது. இரண்டும் மோதுவதே இல்லை.

ஆனால் இந்தச் சமாதானத்துக்கும் ஒரு முள் உண்டு. தமிழர் வத்தலுக்குப் பறிப்பது பழத்தை அன்று, பச்சைக் காயைத்தான். நஞ்சு மிகுந்திருப்பதாகச் சொல்லப்படும் அதே பருவத்துக் காயை. காம்பு களைந்து கழுவிய காய்களை இலேசாக நசுக்கி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வடித்து முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் இட்டு, மோர் வற்றிக் காய் சுருங்கிக் கருக்கும்வரை இதையே நாள்தோறும் செய்வார்கள். பிறகு தேவைப்படும்போது ஒரு கைப்பிடிக்கும் குறைவாக எடுத்து நல்லெண்ணெயில் பொரித்து வத்தக்குழம்பில் இடுவார்கள். ஒருவர் இலையில் விழுவது பத்துப் பதினைந்து காய்களுக்கு மேல் இராது. ஊறலும் உலர்த்தலும் நஞ்சை எவ்வளவு குறைக்கின்றன என்பது வேதியியலார் அளந்து சொல்லவேண்டியது; ஆனால் சிறிய அளவு என்பது அந்தச் சமையலின் அமைப்பிலேயே பதிந்திருப்பதை எவரும் காணலாம். எந்தப் பாட்டியும் 'அளவோடு உண்க' என்று இதற்குத் தனியே உபதேசிப்பதில்லை. உப்பும் கசப்பும் பக்குவமும் சேர்ந்து, வத்தலை ஒரு கிண்ணம் நிறையத் தின்ன இயலாத பண்டமாக ஆக்கிவிடுகின்றன. ஆப்தர் மொழி சொற்களால் மட்டும் ஆனதன்று, செய்முறையாலும் ஆனது. செய்முறையைக் கழற்றிவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துச் சென்று, பச்சைக் காயைச் சாறாகப் பிழிந்து குடிக்கச் சொல்லும் இக்காலத்து உடல்நலக் குறிப்புகள் ஆப்தரின் பெயரால் வந்தாலும் ஆப்தருடையவை அல்ல.

அநேகாந்தம் பேசிய அதே சமணம் உணவைப் பற்றி வகுத்த நெறியொன்று இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. சுவேதாம்பர மரபில் உண்ணத்தகாதவை என்று எண்ணப்படும் இருபத்திரண்டனுள் கத்தரிக்காயோடும் நஞ்சோடும் 'அறியாப் பழம்' என்பதும் தனியே இடம்பெறுகிறது. வங்கசூலன் என்னும் கள்வன் ஆசாரியர் ஒருவரிடம் ஏற்ற விரதங்களுள் பெயர் தெரியாத பழத்தை உண்ணாமையும் ஒன்று என்றும், காட்டில் பசியால் வாடியபோது அவன் கூட்டாளிகள் கிம்பாகம் என்னும் அழகிய நச்சுக்கனியைத் தின்று மடிய, அவன் மட்டும் பிழைத்தான் என்றும் அம்மரபின் கதை கூறும். கவனிக்கவேண்டியது, நஞ்சு வேறாகவும் அறியாப் பழம் வேறாகவும் எண்ணப்பட்டிருப்பது. அறியாப் பழம் நல்லதாகவே இருக்கலாம்; விலக்கப்படுவது அதன் குணத்துக்காக அன்று, உண்பவனின் அறியாமைக்காக. அறியாமையோடு செயலில் இறங்குவதே குற்றம், விளைவு நலமாக முடிந்தாலும் குற்றம் நீங்குவதில்லை என்னும் மிக நுட்பமான அறநிலை இது.

அப்படியாயின் அறியாப் பழத்தை அறிந்த பழமாக்கும் வழி யாது என்று கேட்டால், மிக நேரான விடை, அதை விதைத்து வளர்ப்பது. அறிந்தவர் வீட்டில், அறிந்த செடியில், நன்றாகக் கருத்துக் கனிந்த பழத்தைப் பெற்று, நீரில் பிசைந்து சதை நீக்கி, அடியில் தங்கும் பொடிவிதையை நிழலில் உலர்த்தவேண்டும். விதை மிகச் சிறியதாகையால் மணலோடோ சாம்பலோடோ கலந்து நாற்றங்காலில் தூவி, மேலே மெல்லிய மண்போர்வை இட்டுப் பூவாளியால் நீர் தெளிப்பார்கள். மூன்று நான்கு வாரத்து நாற்றை, தொழுவுரம் இட்ட பாத்தியில், ஒன்றரை அடி இடைவெளியில், நீர் தேங்காதவாறு நடலாம். கொழுந்து கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை விட்டுத் தழைக்கும். கீரைக்கு வேண்டுமாயின் பூ மிகுமுன் கிள்ளியும், பழத்துக்கு வேண்டுமாயின் சில செடிகளைக் கிள்ளாமல் விட்டும் வைப்பார்கள். இலையைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டையும் கொழுந்தில் அடையும் அசுவினியையும் நஞ்சு தெளித்துக் கொன்றபின், செடியின் இயல்பான நஞ்சைப் பற்றிக் கவலைப்படுவது நகைப்புக்குரியது. சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவு பாயும் இடத்திலும் தானே முளைத்ததை விலக்குவதும் இதே காரணம் பற்றியே. பறித்த கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாகவோ, அரிசி களைந்த நீரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தண்ணிச்சாறாகவோ ஆக்குவார்கள். பச்சையாக உண்பது வழக்கம் அன்று. புதிதாக உண்பவர் முதலில் சிறிதளவே உண்பதும், கசப்பு வழக்கத்துக்கு மீறியிருந்தால் விட்டுவிடுவதும், வாந்தியோ மயக்கமோ கண்டால் செடியின் ஒரு கிளையோடு மருத்துவமனைக்குச் செல்வதும் தேவை.

இவ்வாறு விதை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்லும்போது, பொருள், இடம், காலம், நிலை என்னும் நான்கும் சொல்லோடு சேர்ந்தே செல்கின்றன. வெளிநாடு சென்ற தமிழர் ஒருவர் கனடாவிலோ பிரிட்டனிலோ வேலியோரத்துச் செடியைக் கண்டு, 'ஊரில் உண்டதுதானே' என்று பறிக்கும்போது அவரிடம் இருப்பது பெயர் மட்டும். இடம் மாறியது, இனம் மாறியிருக்கலாம், அக்கம்பக்கத்தில் கேட்டறிய ஆப்தரும் இல்லை. ஊரிலிருந்து வந்த விதையைத் தொட்டியில் முளைக்கவைத்து உண்பவரின் நிலை அதுவன்று. செடி ஒன்றுபோலத் தோன்றினும் அறிவு ஒன்றன்று.

சரகசங்கிதை காகமாசியைப் பற்றிச் சொல்வது இவ்விசாரணையில் இன்னும் தீராத ஒரு வழக்கை எழுப்புகிறது. சூத்திரஸ்தானத்தின் இருபத்தேழாம் அத்தியாயத்தில் முக்குற்றங்களையும் தணிப்பது, காயகற்பத் தன்மையுடையது என்று அக்கீரையைப் புகழும் அந்நூல், அதற்கு முந்திய அத்தியாயத்தில், ஒன்றோடொன்று சேரக்கூடாத உணவுகளைக் கூறுமிடத்தில், காகமாசியைத் தேனோடு உண்பது மரணத்துக்கு ஏதுவாகும் என்கிறது. முன்னதைத் தலைமுறைகள் உண்டு மெய்ப்பித்துள்ளன. பின்னதை மெய்ப்பிக்க யாரும் முன்வரமாட்டார்கள், பொய்ப்பிக்கவும் பெரும்பாலோர் துணியமாட்டார்கள். அறிவின் பயன் செயல் கைகூடுவதால் தெரியவரும் என்பது வாத்சியாயனர் தம் உரையின் தொடக்கத்திலேயே வைத்த அளவுகோல். விலக்குரைக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை, ஏனெனில் அதைப் பின்பற்றுபவருக்கு நிகழ்வது எதுவும் இல்லை. எனவே 'உண்' என்னும் சொல்லுக்கும் 'உண்ணாதே' என்னும் சொல்லுக்கும் ஒரே அளவு சான்று கேட்பது முறையன்று. 'உண்' என்பவர் பலர் உண்டு நலமாக இருந்ததைக் காட்டக் கடமைப்பட்டவர். 'உண்ணாதே' என்பவரிடம் அவ்வளவு கேட்கவேண்டியதில்லை. அவர் விலக்கியது இன்றியமையாத உணவாக இருந்து, விலக்கியதால் பசித்திருப்பவர் பட்டினி கிடக்க நேருமானால் மட்டுமே அவரும் சான்று காட்டவேண்டியவர் ஆகிறார். மணத்தக்காளிக் கூட்டில் தேன் சேர்க்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லாததால், சரகரிடம் அந்தச் சான்றை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.